நூருன்னிசாவின் சனிக்கிழமைகள்

கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றிருந்தபோது திவ்யாவின் போன் வந்தது. எங்கள் சட்டத்துறையில் இறுதியாண்டு படிக்கும் பெண். எடுத்தவுடன் மூச்சு விடாமல் பேசுகிறவள் அன்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "மேடம், நூர் மேடம் போயிட்டாங்க. காலைல, ஆஸ்பத்திரியிலயே" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரர், "யாரும்மா, சொந்தமா?" என்று கேட்டார். "கூட வேலை பாக்கறவங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூருன்னிசாவின் வீட்டிலும் அதே கேள்விதான். பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் அவளுடைய பெரியம்மா மகள், "நீங்க யாரும்மா?" என்றார். "நூரு கூட வேலை பாத்தேன்" என்றேன். நகர்ந்து இடம் கொடுத்தார், நல்ல மனுஷி. ஆண்கள் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்காவே என்றும் தங்கச்சியே என்றும் சுற்றிலும் அழுதார்கள். எனக்கு அப்படி அழைத்து அழ ஓர் உறவுமுறை இல்லை. அது எனக்கு மிகவும் வலித்தது.

மாணவர்களுக்கு முன்னால் ஆசிரியர்களான நாங்கள் இருவரும் 'வாங்க, போங்க'. கேண்டீனில் 'வா, போ'. ஆகவே இங்கேயும் அவள் என்றே எழுதுகிறேன். அவளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவளை அணையா விளக்கு என்றார். இன்னொருவர் தியாகச் சுடர் என்றார். கூட்டம் முழுக்க ஒரே வெளிச்சம். நூரு உயிரோடு இருந்திருந்தால், "யாரைப் பத்திங்க பேசறீங்க?" என்று நடுவிலேயே கேட்டிருப்பாள். பத்து நிமிடம் தாமதமாக வரும் மாணவனைச் சாயங்காலம் வரை முறைத்துக்கொண்டிருப்பாள். டீக்கு சர்க்கரை ஜாஸ்தி என்று மாஸ்டரிடம் தினமும் சண்டை போட்டுவிட்டு, அதே டீயைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பாள். நான் அறிந்த நூரு அவள்தான்.

கேண்டீனுக்குப் பின்னால் எங்கள் குடிவரவு உதவி மையம் இருக்கிறது. மையம் என்றால் ஒரு அறை, சாம்பார் வாசனையோடு. சனிக்கிழமைகளில் மாணவர்கள் அங்கே உட்காருவார்கள். செங்கம் சாலை வாடகை அறைகளிலிருந்து விசா முடிந்துபோன வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அகதி முகாம்களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு மாணவர்கள் மனு தயாரிக்க வேண்டும். அதில் தவறு வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் இருவர் வேலை.

நூரு ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கேட்ட கதையை மாணவர் கையில் காகிதம் இல்லாமல், வந்தவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, அது நான்தான்" என்று சொன்ன பிறகுதான் மனு எழுதத் தொடங்கலாம். "அவங்க வாழ்க்கைய அவங்க மூஞ்சிய பாத்து சொல்ல முடியலன்னா, ஜட்ஜ்கிட்ட என்னத்த சொல்லப் போறீங்க?" என்பாள். மாணவர்கள் இதற்குப் பயந்து நடுங்குவார்கள். இவ்வளவு நேரம் எடுத்தால் வருகிறவர்கள் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நானும் சண்டை போட்டிருக்கிறேன்.

சுதா வந்தது அப்படி ஒரு சனிக்கிழமைதான். நாற்பதை நெருங்கும் பெண், முகாமில் தையல் வேலை. போர் முடிந்த பிறகு அவளுடைய அம்மா யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டார், இப்போது படுக்கையில் இருக்கிறார். அம்மாவைப் பார்க்கப் போகலாம். ஆனால் போனால் இங்கே கணவனிடமும் பிள்ளைகளிடமும் திரும்பி வர அனுமதி கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. "போய்ப் பாத்துட்டுத் திரும்பி வரணும் மேடம். அவ்ளோதான் வேணும்" என்றாள்.

திவ்யா நன்றாகத் தயாராகியிருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, "நீங்க இலங்கையில இருந்து வந்தீங்க" என்று தொடங்கினாள்.

"இல்லம்மா" என்றாள் சுதா.

"சின்ன வயசுல, உங்க அப்பா அம்மாகூட..."

"நான் எங்க இருந்தும் வரலையே. அவங்க வந்து இறங்கினப்புறம் இங்க ஆஸ்பத்திரியில பொறந்தவ நான்."

குடிவரவு மையத்துக்கு வருகிறவர் எங்கிருந்தோ வந்தவராகத்தானே இருக்க வேண்டும்? முகாம் பதிவிலும் பெற்றோரோடு வந்தவள் என்றே இருந்தது. நாங்களும் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்தோம். சுதா பிறந்த காலத்தில் இருந்த சட்டப்படி, இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். நூரு எழுந்துபோய் சுதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "திவ்யா, முதல்ல இருந்து சொல்லுங்க. 'நீங்க இங்க பொறந்தீங்க'ன்னு ஆரம்பிங்க" என்றாள். திவ்யா சொல்லி முடித்ததும் சுதா, "ஆமா, அது நான்தான்" என்று சொல்லி அழுதாள்.

குடிமகள் என்ற முறையில் சுதா போட்ட பாஸ்போர்ட் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. சென்னையில் ஒரு வக்கீல் மூலம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். அதற்குள் நூருவுக்கு உடம்பு முடியாமல் போனது. சிகிச்சைக்கு நடுவிலும் சனிக்கிழமை வந்துவிடுவாள். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்த நாளில் நான் கோபித்துக்கொண்டேன். "வீட்டுல படுத்துக்கிட்டு ஃபேனைப் பாத்துட்டு இருக்கச் சொல்றியா விஜயா? பயமா இருக்குடி" என்றாள். அவள் பயத்தைச் சொன்னது அந்த ஒரு முறைதான். அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மாணவர்கள் வந்துவிட்டார்கள்.

அவள் போன மறுமாதம் தீர்ப்பு வந்தது. சுதா பிறப்பால் இந்தியக் குடிமகள், அவளுக்குப் பாஸ்போர்ட் வழங்க வேண்டும் என்று உத்தரவு. அறையில் மாணவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. இந்த மகிழ்ச்சியில் சரிபாதி வாங்கிக்கொள்ள இருந்த ஒருத்தி இல்லை.

பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று சுதா என்னைத் தேடி வந்தாள். நூர் மேடத்திடம் சொல்ல வேண்டும் என்றாள். நூருவை அடக்கம் செய்த கபரஸ்தான் வரைக்கும் கூட்டிப்போனேன். வாயிலில் இருந்த பெரியவர், "லேடீஸ் உள்ள வர்றதில்லம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். சுவருக்கு அப்பால் வேப்பமரத்துப் பக்கம் கைகாட்டினார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சுதா செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், அம்மாவப் பாக்கப் போறேன். பாத்துட்டு எங்க வீட்டுக்குத் திரும்பி வந்துடுவேன்" என்றாள்.

அவளை முகாமுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் தனியாக வீட்டுக்கு வந்தேன். நூருவிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது என்ன என்று இதை எழுதும்போது யோசிக்கிறேன். அந்த அறையின் சாவி இருக்கிறது. மாணவர்களை முகம் பார்த்துப் பேசவைக்கும் அந்தப் பிடிவாதமும் இப்போது என்னுடையதுதான். இத்தனை வருடமும் சனிக்கிழமைகளில் நான் போகும்போது கதவு திறந்திருக்கும், உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். இப்போது நான்தான் திறக்கிறேன்.