வெந்நீர்ப் பாத்திரத்தின் வெள்ளைக் கறை

"கொதிக்க வைக்கிற பாத்திரத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கையை நீட்டுகிறார் டப்பா அக்கா. தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்களா என்று அவர் யாரையும் கேட்பதில்லை. பாத்திரத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளே ஒரு விரலால் தடவுகிறார். தினமும் தண்ணீர் கொதித்திருந்தால் அடியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். பளபளவென்று மின்னினால் படிவத்தில் "இல்லை" என்று குறித்துவிடுவார். "ஆமாம்னு வாய் கூசாம சொல்லுவாங்க சார். பாத்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது."

குடிதண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போகும் பூச்சிகள் எந்த வீடுகளில் அதிகம், ஏன் என்று ஓர் ஆய்வு நடக்கிறது. அதற்காக வீடு வீடாகப் போய், சோதனைக்கான மல மாதிரியை டப்பாக்களில் வாங்கி வருவது அவர் வேலை. கால்வாயோரத்து வரிசை வீடுகளில் நூறு, எதிரே மாடிக் குடியிருப்பில் நூறு. தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'டப்பா அக்கா'. இந்த ஆய்வைப் பற்றி எழுதுவதற்காக நானும் ஒரு வாரம் கூடவே அலைந்தேன்; எனக்கும் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை.

கால்வாய்ப் பக்கம் டப்பாவை நடுத்தெருவிலேயே நீட்டுகிறார்கள். "பூச்சி இருந்தா மாத்திரை சும்மா குடுப்பீங்கல்ல?" மாடிவீடுகளில் மூன்று பைகளில் சுற்றி, இனிப்புப் பெட்டிக்குள் ஒளித்து, காவலாளியிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அக்காவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. ஒரு வீட்டிலிருந்து நான்கு டப்பாக்கள் வந்தன. மூடியைத் திறந்தவர், "நாலும் ஒரே ஆளோடது. யாருகிட்ட காது குத்துறாங்க?" என்று புதிதாக நான்கு டப்பாக்களைத் திருப்பி அனுப்பினார்.

ஏழைக்குத்தான் பூச்சி என்று நானும் நினைத்திருந்தேன். என்னை மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார். தண்ணீர்த் தொட்டிக்கு மூடியே இல்லை. "பாருங்க, புறா குளிக்குது. கீழ வீட்டுக்குள்ள பளிங்குத் தரை."

அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறாள். இந்த வருடம் மட்டும் பள்ளியில் இருபது நாள் விடுப்பு; இரண்டு வருடத்துக்கு முன் தைத்த கவுன் இன்னும் சரியாக இருக்கிறது. டாக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அக்கா எடுக்கவில்லை. "எங்க வீட்ல பூச்சியா? நல்லாச் சொன்னாரு போங்க. வெந்நீர் தவிர வேற தண்ணியே கிடையாது. அவளுக்குச் சூட்டு வயிறு, அவ்வளவுதான்." சொன்னதோடு விடாமல் தன் வீட்டுப் பாத்திரத்தையும் காட்டினார். கறை சுண்ணாம்பு அடித்ததுபோல் தடித்திருந்தது.

வியாழக்கிழமை, மூன்றாவது மாடி. அங்கும் பாத்திரத்தில் நல்ல கறை. அக்கா திருப்தியாக "ஆம்" என்று குறித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பெண் தன் பையனுக்குத் தண்ணீர் ஊற்றினாள். பாதி டம்ளர் பாத்திரத்திலிருந்து, மீதி குழாயிலிருந்து.

"சூடா குடுத்தா துப்பிடுறான்க்கா. பச்சைத் தண்ணி விட்டு விளாவித்தான் குடுக்கணும்."

"தினமுமா?"

"ஸ்கூல் வேன் வந்துடுதே. ஆற வைக்க எங்க நேரம்?"

வழக்கமாக இந்த இடத்தில் அக்கா ஒரு பிடி பிடித்திருப்பார். அன்று பேனாவை மூடிவிட்டு எழுந்தார். இரண்டு மாடி இறங்கினார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானும் அப்படித்தான் சார். என் கையாலேயே விளாவி விளாவிக் குடுத்திருக்கேன்."

மறுநாள் காலை ஆய்வகத்தில் டப்பாக்களை வரிசையாக அடுக்கினார். கூடையின் அடியில் கடைசியாக ஒரு பொட்டலம். மூன்று பைகளில் சுற்றியிருந்தது. ஒவ்வொன்றாக அவிழ்த்து, டப்பாவை மற்றவற்றோடு வைத்தார்.

பரிசோதகர் மூடியிலிருந்த எண்ணைப் பார்த்தார். "இந்த வீடு லிஸ்ட்லயே இல்லையேம்மா?"

அக்கா அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, பட்டியலின் அடியில் தன் வீட்டுக் கதவு எண்ணை எழுதினார்.