மாமாவின் படத்தை ஒளித்து வைத்தேன்

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது என் மாமனாரின் வீடு. பெரிய எழுத்தாளர், கடைசிவரை கடவுள் இல்லை என்று சொன்னவர். அவர் போன பிறகு வீட்டைக் கூட்டங்களுக்குக் கொடுத்து வருகிறோம். போன மாதம் உத்தமபாளையத்திலிருந்து கிறிஸ்தவ வேதபாட முகாமுக்குக் கேட்டார்கள். சந்தோஷமாகச் சரி என்றேன். ஆனால் அவர்கள் ஜெபிக்கும்போது சுவரிலிருந்து மாமா முறைத்துக்கொண்டிருப்பாரே! கூடத்தில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி, அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

முகாம் நடத்த வந்த டீச்சரம்மா முன்பே ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர். வெறும் ஆணியைப் பார்த்தார்.

“இங்கன அவுக படம் இருக்குமே?”

“மாமா சாமி கும்பிடாதவுக. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு அடுப்படியில வச்சிருக்கேன்” என்று இழுத்தேன்.

“நல்லாருக்கே! விருந்தாளிக நாங்க கூடத்துல, வீட்டுக்காரவுக அடுப்படியிலயா? எடுத்துட்டு வாங்க.”

முந்தானையால் தூசியைத் துடைத்து அவரே மாட்டினார். பிறகு ஜெபத்தைத் தொடங்கினார்: “ஆண்டவரே, எங்களுக்கு இடம் குடுத்த இந்த வீட்டுக்காரவுகளுக்காக நன்றி.”

சங்கடம் அவர்களுக்கு இல்லை, எனக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். திறந்திருந்தது மாமாவின் கண்ணும் என் கண்ணும்தான். அன்றைக்கு அவர் முறைக்கிற மாதிரியே தெரியவில்லை.