தண்ணீர் வராத ஞாயிறுகள்

சேகரன் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் சிரம்பான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் மகன் பிரபுதான் அழைத்தான். "டீச்சர், அப்பா போய்ட்டாரு" என்றான். என் வாயிலிருந்து முதலில் வந்தது, "தண்ணியிலயா?" என்ற கேள்விதான். இல்லை, அம்பாங்கான் வீட்டில், தூக்கத்திலேயே. பிறகு நம் ஞாயிறு நடைக்குழுவில் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். எல்லாரும் அதையேதான் கேட்டீர்கள். படுக்கையில் போனார் என்றதும் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி வந்ததே, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவரை நன்றாகத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? காப்புறுதி முகவர். கோலா கிளாவாங் போகும் மலைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அருவிக்குக் கீழே இருக்கும் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது அங்கே செம்பனைதான். நம் ஆட்களுக்கென்று மிச்சமிருப்பது மாரியம்மன் கோயில் ஒன்று. கோயிலைத் தாண்டி, ஆற்றை ஒட்டி, மூங்கில் காட்டுக்குள் நடந்தால் அருவி. திரும்பும் வழியில் மலாய்க் கிராமமான கம்பத்தில், மக்சி அம்மா கடையில் சுடச்சுட வாழைப்பழ பீசாங் கோரெங். இவ்வளவு அழகான இடத்துக்கு நம்மைக் கூட்டிப்போன மனிதர் ஒருநாள்கூடக் காலை நனைத்ததில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் பாறைமேல் நின்று, நம்மையும் பார்க்காமல் அருவியையும் பார்க்காமல், அதற்கு மேலே இருக்கும் மலை இடுக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மலை உச்சியில் பெய்யும் மழை, கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவர்மேல் திடீரென்று வெள்ளமாக வந்து விழும். மலாயில் இதற்குக் கெப்பாலா ஆயர் என்று பெயர்; இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் எல்லாரும் இறங்குகிறோம். அண்ணனுக்கு மட்டும் அந்தத் தெரிதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் மறந்துபோகாது. ஒருநாள் நாசி லெமாக் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தோம். நல்ல வெயில். திடீரென்று, "ஏறு! ஏறு! எல்லாத்தையும் போட்டுட்டு ஏறுங்கலா!" என்று கத்தினார். சோறும் சம்பலும் பாறையில் சிதற, மூச்சிரைக்கக் கரை மேட்டுக்கு ஏறினோம். வெகுநேரம் நின்றோம். அருவி பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. "இன்சூரன்ஸ்காரரு பயமுறுத்தலன்னா பொழப்பு எப்படி ஓடும்?" என்று நம்மில் ஒருவர் கேட்க, விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நம்மை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார்.

கோயில் திருவிழாவில் நடந்ததுதான் அவருக்குப் பெரிய அடி. கரகம் ஜோடிக்க அருவித் தடாகத்துக்குப் போவது தோட்டத்து வழக்கம். அந்த வருடம் மேளம் முன்னால் போக, பெண்களும் பிள்ளைகளும் பின்னால் வர, எல்லாரும் புறப்பட்டுவிட்டார்கள். மலைக்கு மேலே வானம் அடுப்புக்கரியாகக் கிடந்தது. கோயில் குழுவில் இருந்த அண்ணன், மூங்கில் காட்டு வாசலில் இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்தார். "இன்னிக்கு யாரும் ஆத்துல எறங்க வேணாம். கோயில் கொழாயில தண்ணி புடிச்சிக்கலாம்" என்றார்.

கோயில் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கொழாத்தண்ணியில கரகமா? ஆத்தா கோவிச்சிக்குவாலா!"

"கோவம் வந்தா என் மேல வரட்டும். இந்தப் புள்ளைங்க மேல தண்ணி வர வேணாம்."

கடைசியில் குழாய்த் தண்ணீர்தான். அன்றைக்கும் வெள்ளம் வரவில்லை. மலைக்கு மேலே கூடியிருந்த கறுப்பு வேறு பக்கம் போய்விட்டது. சில மாதத்தில் தலைவரின் மனைவி நோயில் விழுந்தார். பழி முழுக்க அண்ணன் தலையில். கோயில் குழுவிலிருந்து அவரைக் கழற்றிவிட்டார்கள். தெரிந்தவர்களே அவரிடம் காப்புறுதி எடுப்பதை நிறுத்தினார்கள். ராசியில்லாத வாய் என்றார்கள். அப்படிப் பேசியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

"நீங்க எப்பயாச்சும் நெசமா அது வந்து பாத்திருக்கீங்களா அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு தடவ. போதும் டீச்சர்" என்றார். அவர் மனைவி கமலா அக்காதான் மீதியைச் சொன்னார். அண்ணனுக்கு ஒரு அண்ணன் இருந்தார். கல்யாணத்துக்கு முதல்நாள், கூட்டாளிகளோடு அருவிக்குக் குளிக்கப் போனவர். பளீரென்ற வெயில். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கும்போதே செந்நிறத் தண்ணீர் ஆளுயரத்துக்கு வந்துவிட்டதாம். கரையில் துணிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தது நம் சேகரன் அண்ணன். மறுநாள், பந்தல் பிரிக்காத வீட்டுக்கு உடலைக் கொண்டுவந்தார்கள். இதை அவர் நம்மிடம் சொன்னதே இல்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள், தண்ணீரைவிட்டு ஏறமாட்டார்கள் என்பாராம்.

இப்போது அன்று நடந்ததற்கு வருகிறேன். அப்பாவின் அஸ்தியை அந்த அருவியிலேயே கரைக்க வேண்டும் என்று பிரபு முடிவெடுத்தான். அவருக்குப் பிடித்த இடமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மகன் சொல்லும்போது நான் யார் குறுக்கே பேச? உறவினரும் நம் குழுவும் போனோம். பண்டாரம் மந்திரம் சொல்ல, பிரபு கலயத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றான். ஈரப் பாறைகளில் குழந்தைகள். கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் சட்டென்று அடங்கின. மேலிருந்து இலைகள் மிதந்து வரத் தொடங்கின. பழுத்தவை அல்ல, காம்போடு பிய்ந்த பச்சை இலைகள். தண்ணீரில் மண்வாடை வந்தது.

நீங்களும்தான் பார்த்தீர்கள். நான் உங்கள் முகங்களைப் பார்த்தேன். எல்லாரும் யாரோ ஒருவர் கத்துவதற்காகக் காத்திருந்தோம். கத்துகிறவர் கலயத்துக்குள் சாம்பலாக இருந்தார்.

"ஏறு!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "மந்திரம் முடியலம்மா" என்றார் பண்டாரம். நான் சேலையோடு தண்ணீரில் இறங்கி, பிரபுவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். குழந்தைகள் அழ, எல்லாரும் மேட்டுக்கு ஏறினோம். பாதி அஸ்தி கலயத்திலேயே இருந்தது.

நின்றோம். தண்ணீர் கொஞ்சம் கலங்கியது, பிறகு தெளிந்தது. ஒன்றும் வரவில்லை.

"டீச்சருக்கு என்னாச்சுலா? செத்தவரோட காரியத்தக் கெடுத்துட்டாங்க" என்றார் ஓர் உறவினர். பிரபு என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை; மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. இதையா அந்த மனிதர் ஞாயிற்றுக்கு ஞாயிறு சிரித்துக்கொண்டே சுமந்தார் என்று நினைத்து, அங்கேயே அழுதுவிட்டேன்.

கமலா அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்ததும் எப்பவும் ஒன்னு சொல்வாரு டீச்சர். 'இன்னிக்கும் வரல கமலா. எல்லாரும் என்னைப் பாத்து சிரிச்சாங்க. ஒருத்தர் கொறையாம சிரிச்சாங்க.' அதச் சொல்லிட்டுத்தான் சாப்பிட ஒக்காருவாரு."

மீதி அஸ்தியைக் கீழே, கம்பத்துப் பாலத்தடியில் கரைத்தோம். அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த வெட்கத்தைத்தான். வரும் ஞாயிறும் போகிறோம். இந்த வாரம் முழுக்க மலைப்பக்கம் இருட்டிக்கொண்டேதான் இருக்கிறது. பாறைமேல் நான் நிற்பேன், கத்தவும் செய்வேன். முதலில் ஏறிவிடுங்கள். பிறகு சிரியுங்கள்.