மலையில் பெய்த மழையும் எங்கள் தரைப்பாலமும்

திருப்பதியில் எம்.எஸ்சி. புவியியல் கடைசி வருஷம் படித்தபோது, ஆய்வேட்டுக்காக மாசி மாதம் சித்தூர் பக்கம் ஓர் ஓடையைப் பார்க்கப் போனேன். தரிசனப் பயணக் குறிப்பு தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், இது அது இல்லை. கங்காதர நெல்லூரைத் தாண்டி ஒரு தரைப்பாலம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைக் கடக்கும்போதுதான் என் சித்தப்பாவைப் பால் வண்டியோடு வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அன்று ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. "பால் திரிஞ்சிடும், சீக்கிரம் கெளம்பு" என்று அனுப்பி வைத்தது சித்தி. நான்தான் அனுப்பினேன், நான்தான் கொன்றேன் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். சித்தி மேல் தப்பில்லை என்று வரைபடத்தைக் காட்டி நிரூபித்துவிடலாம் என்ற நினைப்போடு கிளம்பினேன்.

காலை ஆறு மணி பஸ். சித்தூர் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆந்திராவில் வசிக்கும் பெண்கள் ஆதாரைக் காட்டினால் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. சித்தூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க ஓர் ஆட்டோ பேசினேன், தொள்ளாயிரம் ரூபாய். என் பையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியையும் டேப்பையும் பார்த்து டிரைவருக்குச் சந்தேகம்.

"பட்டா சர்வேவா மேடம்? எங்க நெலத்துல அரை சென்ட் கொறைச்சிட்டாங்க."

"இல்லண்ணா, நான் ஸ்டூடன்ட். தண்ணி எப்படி வருதுன்னு பாக்கணும்."

"வாகுல தண்ணியே இல்லியே!"

வாகு என்றால் ஓடை. அவர் சொன்னது சரிதான். ஆனால் காய்ந்து கிடக்கும்போதுதான் ஓடையை அளக்க முடியும். செயற்கைக்கோள் தரும் நில உயரங்களை மென்பொருளில் ஏற்றினால், மேட்டில் விழும் தண்ணீர் எந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு நேரத்தில் வரும் என்று கணக்குப் போடலாம். ஓடை இறங்கும் குன்றடியிலிருந்து தரைப்பாலம் வரை ஓடை வழியாகப் பதினாலு கிலோமீட்டர். தண்ணீருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும் என்றது என் கணக்கு. கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் ஆய்வை மேற்பார்க்கும் எங்கள் மேடம் முகத்தில் எறிவார். அதனால் முதலில் குன்றடிக்குப் போனேன்.

அங்கே ஓடைக்கரையில் ஒரு டீக்கடை. நடத்துகிற அக்காவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

"நல்லா கியாபகம் கீதும்மா. ஸ்கூலு உட்டு பசங்க வந்துகினு இருந்தாங்க, நாலு மணி இருக்கும். மலை மேல ஒரே மழை. வாகு பொங்கிகினு வந்து என் பெஞ்சை இட்டுகினு போய்டுச்சி."

சித்தப்பா தரைப்பாலத்தில் இறங்கியது ஆறு மணிக்கு. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். தரைப்பாலத்துக்கு வந்து அகலத்தையும் ஆழத்தையும் அளந்தேன். பக்கத்து மோட்டார் ரூம் சுவரில் வெள்ளத்தின் சேற்றுக் கோடு என் தோள் உயரத்தில் இருந்தது.

சித்தி வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். கட்டிலில் லேப்டாப்பை வைத்து வரைபடத்தைத் திறந்தேன்.

"பாரு சித்தி, மழை இங்க பெய்யல. இவ்ளோ மேல பெஞ்சிச்சி. இங்க இருந்துகினு யாருக்குமே தெரிஞ்சிருக்காது. உன் மேல தப்பே இல்ல."

சித்தி நீலக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே மேலே போனார்.

"இங்க வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சி?"

"ரெண்டு மணி நேரம்."

"மேல யாருனா பாத்தாங்களா?"

"ஒரு டீக்கடை அக்கா பாத்துருக்காங்க."

"அதுகிட்ட போன் கீதா?"

"கீது சித்தி."

"அப்ப ரெண்டு மணி நேரம் இருந்துருக்குது."

ஆறுதல் சொல்ல வந்தவள், ஆளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். நான்தான் அழுதேன். சித்தி அழவில்லை. முகத்தைக் கழுவி, புடவையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"ஆட்டோ நிக்குது இல்ல? வா, அந்தம்மா நம்பர் வாங்கிக்கினு வரலாம்."

மறுபடியும் குன்றடிக்குப் போனோம். விஷயம் தெரிந்ததும் டீக்கடை அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார். "கீழ யாரு கீறாங்கன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டனா?" என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். சித்தி அங்கேயே நம்பரைப் போட்டு, மணி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

ஆய்வேடு முடிந்தது, மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. தண்ணீர் வரும் வழி முழுவதும் என் வரைபடத்தில் இருந்தது. அந்த வழியில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் என்பது அதில் இல்லை. ஐப்பசியில், மலையில் மழை என்று அக்காவிடமிருந்து சித்திக்கு இரண்டு முறை போன் வந்தது. இரண்டு முறையும் சித்தி போய்த் தரைப்பாலத்தில் வண்டிகளை மறித்து நின்றார். பைக்கில் வந்த ஒருவர் "பைத்தியமா நீ?" என்று திட்டிவிட்டுத் தாண்டிப் போனாராம். நல்ல வேளை, அவர் அக்கரை ஏறிய பிறகுதான் தண்ணீர் வந்தது.

என்னைப் போல ஓடை பார்க்கப் போகிறவர்கள் மாசி, பங்குனியில் போங்கள். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை குறைவு. சிக்னல் விட்டு விட்டு வரும், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஒன்றே ஒன்று: வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில், தரைப்பாலத்தில் ஒரு பெண் கையை நீட்டி மறித்தால் வாதம் செய்யாதீர்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் பக்கத்தில் நில்லுங்கள்.