செல்லப்பாண்டியும் சிவப்புக் காரின் புஷ்களும்

செல்லப்பாண்டி போய்விட்டார் என்று அவர் மனைவி போனில் சொன்னபோது, நான் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் டிஃபரென்ஷியல் பெட்டியைப் பாதி இறக்கியிருந்தேன். கையை எடுத்தால் என் நெஞ்சில் விழும். "நெஞ்சு வலிக்குதுன்னாக, தண்ணி கொண்டாரதுக்குள்ள..." என்று தரையில் கிடந்த போனில் மதினி கதறினார். அழவும் முடியாமல் எழவும் முடியாமல் அந்த இரும்பைத் தாங்கிக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கடைக்காரர் வந்து பிடித்த பிறகுதான் வெளியே வந்தேன்.

விருதுநகர் ரோட்டில் எங்கள் பட்டறையை அறிந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. தொழிலில் கூட்டு. சொந்தமில்லை என்றாலும் மச்சான், மாப்ள என்றுதான் பேச்சு. சண்டைக்கும் குறைவில்லை. நான் அவசரக்காரன், அவரோ ஒரு போல்ட்டைத் தொடுமுன் மூன்று தரம் துடைப்பார். "வண்டி எங்கயும் ஓடிராது மாப்ள, நீ ஏன் ஓடுத?" என்பார்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒருவர் பாய்ச்சலான சிவப்புக் கார் ஒன்று வாங்கியிருந்தார். அதில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். நடுவில் டிஃபரென்ஷியல், அதிர்வைத் தாங்கும் வளையங்களான ரப்பர் புஷ்களைப் பிடித்துத் தொங்கும். அவை நைந்துபோய், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பின்னால் டொக்கென்று அடித்தது. ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ்தான் வேண்டும் என்றார் கார்க்காரர். "அதிர்வு அம்புட்டும் உள்ள வரும், பொறுத்துக்கிடுவீகளா?" என்று செல்லப்பாண்டி கேட்டார். வரட்டும் என்றார் அவர்.

பழைய புஷ்ஷை எடுப்பதுதான் பாடு. வேறு பட்டறையாக இருந்தால் கேஸ் வைத்துச் சுடுவார்கள், ரப்பர் கழன்றுவிடும். எங்களுக்கு அது ஆகாது. சுவருக்கு அந்தப் பக்கம் இடத்துக்காரரின் பட்டாசுத் திரி குடோன். தீக்குச்சி கூட உரசக் கூடாது என்ற பேச்சில்தான் இடம் தந்திருந்தார். அதனால் ரம்பத் தகட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தோம். இரண்டு நாளாகியும் ஒன்றுகூட வரவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. தெரிந்தவரிடம் சின்ன கேஸ் டார்ச் ஒன்றை வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். செல்லப்பாண்டி டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் காருக்கு அடியில் படுத்துப் பற்றவைத்தேன். ரப்பர் சட்டென்று பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக எரிந்து விழுந்தது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் நெருப்பு. காருக்கு அடியில் உருள இடமில்லை. அவர்தான் ஓடிவந்து, ஈரச் சாக்கோடு கையை உள்ளே விட்டு அமுக்கிப் பிடித்தார். சாக்கை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் அதோடு வந்தது.

புகையைப் பார்த்து இடத்துக்காரர் வந்தார். "எவன்லே தீ வச்சது?"

"நான்தான் அண்ணாச்சி," என்றார் செல்லப்பாண்டி.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் என்னிடம் சொன்னார்: "ஒருத்தன் பேரு கெட்டாப் போதும் மாப்ள. ரெண்டு பேரு பேரும் கெட்டா ரெண்டு வீட்லயும் உலை வைக்க முடியாது. எவங்கிட்டயும் சொல்லாத."

இடம் போயிற்று. வேறு இடத்தில் பட்டறையை என் பேரில் தொடங்கினோம். பட்டாசுக் கம்பெனிகளில் வேன் ரிப்பேர் என்றால் நான் மட்டும் உள்ளே போவேன். அவரை வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார். சொல்லிவிடுகிறேன் மச்சான் என்று பலமுறை கெஞ்சியிருக்கிறேன். "சொன்னா என் கை ஆறிருமா?" என்று அடக்கிவிடுவார். நானும் அடங்கினேன். சே, அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கேதம் விசாரிக்க வந்த ஒருவர், "நல்ல மனுசன்தான், நெருப்பு விசயத்துலதான் கவனமில்லாமப் போச்சு," என்றார். மதினி தலையைக் குனிந்துகொண்டார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லாமல், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இப்போது சொல்கிறேன்: அன்றைக்குப் பற்றவைத்தவன் நான். மதினியிடம் இன்று காலையில் சொன்னேன். "எங்கிட்டகூடச் சொல்லலையே அவுக," என்றார்.

அவருடைய ஸ்பானர்களை அவர் மகள் எடுத்து வைத்திருக்கிறாள். என்னிடம் இருப்பது, கவனமான மெக்கானிக் என்று ஊர் எனக்குச் சொல்லும் பேர். அது செல்லப்பாண்டியுடையது.