ஏரிக்கரைப் பாதையும் மாதம்மா அக்காவும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தைக்கும் செல்வி போன் செய்தாள். "மாதம்மா அக்கா போயிட்டாங்கடி." என் வாயில் முதலில் வந்தது ஒரே கேள்விதான். "ரோட்டுலயா?"

"இல்லடி, வூட்டுலதான். ராத்திரி படுத்தவங்க எந்திரிக்கல. நெஞ்சுவலின்னு சொல்றாங்க."

அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதி வந்தது. தப்பாக நினைக்காதீர்கள். அன்று அக்கா வீட்டு வாசலுக்கு வந்த நம் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பதில் தெரிந்த பிறகுதான் அழுதார்கள்.

நான் ஒன்பதாவது படித்தபோது, பெரிய ரோட்டை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் சைக்கிளில் போன எங்கள் தெருப் பெண் மீது லாரி உரசியது. அவள் பிழைத்துக்கொண்டாள், ஒரு கால் சரியாகவில்லை. அம்மா என் பள்ளிக்கூடப் பையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தேன். கம்பெனியில் வேலை பார்த்த மாதம்மா அக்கா வந்து என்னையும் அங்கே கூப்பிட்டபோதும் அம்மா அந்த ரோட்டைத்தான் சொன்னார்.

"அவ எனக்கு முன்னால ஓட்டட்டும்க்கா. பின்னால வர்ற லாரி மொதல்ல எம்மேல ஏறட்டும்" என்றார் மாதம்மா அக்கா.

"வாயக் கழுவுடி" என்று திட்டிவிட்டுத்தான் அம்மா என்னை அனுப்பினார். அன்றிலிருந்து தினமும் அக்காவின் சைக்கிள் செயின் கவர் கடகடக்கும் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

ஏரிக்கரை வழியாகப் போனால் கம்பெனிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பெரிய ரோட்டைத் தொடவே வேண்டாம். ஆனால் கரை முழுக்க சீமைக்கருவேல முள். அங்கே சைக்கிள் பாதை வேண்டும் என்று அக்கா ஒவ்வொரு கிராம சபையிலும் எழுந்து கேட்டார். "இப்ப சைக்கிள்ல யாரும்மா போறாங்க? எல்லாருகிட்டயும் வண்டி இருக்குது" என்று உட்கார வைத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அக்கா எங்களையும் வரச் சொன்னார். கூட்டத்தில் எனக்குப் பேச வராது என்றேன்.

"நீ பேச வேணாங்கண்ணு. சைக்கிளைக் கொண்டாந்து நிறுத்திட்டு ஓரமா நில்லு. போதும்."

கூட்டத்தன்று பந்தலைச் சுற்றி சைக்கிள்கள்தான். தைக்கிறவர்கள், பால் ஊற்றுகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லோருடையதும் நின்றது. "இதெல்லாம் எடுத்தாத்தானே நான் வூட்டுக்குப் போக முடியும்?" என்று தலைவர் சிரித்தார்.

"தீர்மானத்தைப் போட்டுடுங்கண்ணா. நாங்களே எடுத்து வழி வுடறோம்" என்றார் அக்கா.

போட்டார்கள். பாதையும் வந்தது. ஆனால் வெயில் படுகிற சிமென்ட் தரையைப் பார்த்தால் நம் ஊரில் என்ன செய்வார்கள் என்று அக்கா உட்பட யாரும் யோசிக்கவில்லை. அறுவடை வந்ததும் பாதை முழுக்க ராகிக் கதிர் காய்ந்தது. பள்ளிக்கூடம் போன என் தங்கை ராகித் தாளில் சறுக்கி விழுந்து, மறுநாள் பெரிய ரோட்டில் போனாள். அம்மாவின் கண் மறுபடியும் பரணுக்குப் போனது.

சண்டை வரும் என்று பயந்தேன். அக்கா நேராக ராகிக்காரர் முனுசாமி மாமாவிடம் போனார். "ஏன் மாமா, ரோட்டுல போட்டா லாரி ஏறி ராகி உதிரும். எங்க சைக்கிள் ஏறி என்னத்த உதிரும்?"

"அப்ப நீ லாரி ஓட்டக் கத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகம் சிரித்தார். "கத்துக்கறேன். அதுவரைக்கும் ஏரிப்பக்கம் உங்களுக்கு, வயப்பக்கம் எங்களுக்கு."

சுண்ணாம்பு கரைத்து நடுவில் கோடு இழுத்தார். மாமா அதைக் காலால் அழித்துவிட்டு, எங்கள் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். அக்கா தள்ளியே போட்டார். "சைக்கிளுக்கு எவ்ளோ எடம் வேணும்? இது போதும்" என்று என்னிடம் சொன்னார். தங்கை மறுபடியும் கரையில் போக ஆரம்பித்தாள்.

சுடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம். அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் ராகி காய்கிற காலம்தான். பெண்கள் நாங்கள் கரை தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டோம். அதற்குள் மாமா தன் ராகியை எல்லாம் வாரி வரப்போரம் குவித்திருந்தார். கோட்டுக்கு இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. கடைசியாகப் போனபோதும் அக்கா பெரிய ரோட்டைத் தொடவில்லை.

தங்கை இப்போது பத்தாவது படிக்கிறாள். அவள் கிளம்பும்போது அம்மா வாசலுக்கு வருவதில்லை. அடுப்படியிலிருந்தே "போயிட்டு வா" என்கிறார். என் பின்னால் அந்தக் கடகட சத்தம் இல்லை. பேச வராவிட்டாலும் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று அக்கா காட்டியதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கரையில் இன்னும் விளக்கு வரவில்லை. அதைக் கேட்டு அடுத்த கிராம சபையில் நான் பேசுவேனா, தெரியாது. என் சைக்கிள் முன்வரிசையில் நிற்கும். உங்களுடையதையும் கொண்டு வாருங்கள்.