ஐந்து நாள் சோறு

ஜெர்மனியில், கார்ஹிங் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என் கணவருக்குப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு வருட வேலை. இரண்டாயிரத்து ஐந்தின் இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தோம். நான் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். இங்கே என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. காலையில் கணவர் பஸ் ஏறிப் போனால் சாயங்காலம் வரை எனக்குப் பேச ஆள் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். அதில் ஒரு குளம். வீட்டுக்காரம்மாவின் கணவர் தன் கையால் வெட்டியது. ஏழு தங்கமீன்கள், முழங்கை நீளத்தில் இரண்டு வண்ணக் கெண்டைகள், ஆக ஒன்பது மீன்கள். கெண்டைகளில் ஒன்று வெள்ளை, தலையில் மட்டும் குங்குமம் அப்பியதுபோல் சிவப்பு.

ஜனவரியில் அந்த அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். அதன் பிறகு நடக்கப் பழக்கும் மருத்துவமனை. எல்லாம் சேர்த்து ஏழு வாரம் ஆகும் என்றார். போவதற்கு முதல் நாள் என்னைக் குளத்தங்கரைக்கு அழைத்துப் போனார். எனக்குப் புரிய வேண்டும் என்று சின்னச் சின்ன ஜெர்மன் வாக்கியங்களாகப் பேசுவார்.

"மேலே உறைந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடியில் உறையாது. அங்கே அவை சும்மா கிடக்கும். மூச்சு குறைவு. பசி இல்லை."

குளத்தின் நடுவில் தெர்மாகோல் வளையம் ஒன்று மிதந்தது. அதற்குள் மட்டும் தண்ணீர் தெரிந்தது. கெட்ட காற்று வெளியேற அந்த ஓட்டை மூடாமல் இருக்க வேண்டும். மூடிவிட்டால் சுத்தியலால் தட்டக் கூடாது, அந்த அதிர்ச்சி மீன்களைக் கொன்றுவிடும். பானையில் வெந்நீர் ஊற்றி மேலே வைத்தால் தானாக இளகும். வெளிச்சம் இறங்கப் பனியைப் பெருக்கித் தள்ள வேண்டும். இவ்வளவையும் செய்தே காட்டினார். கடைசியில் விரலை உயர்த்திச் சொன்னார்:

"சாப்பாடு வேண்டாம். ஒன்றும் வேண்டாம். அவை உங்களைப் பார்த்தாலும் வேண்டாம்."

முதல் மூன்று வாரம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். கணவர் கிளம்பியதும் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, பானையைத் துணியால் பிடித்து இறங்குவேன். துடைப்பத்தால் பனியைத் தள்ளுவேன். அந்த அரைமணி நேர வேலைதான் அன்றைய நாளில் எனக்கென்று இருந்த வேலை.

நான்காவது வாரம் திடீரென்று குளிர் தணிந்தது. வெயில் அடித்தது. ஓட்டை அகன்று பாதிக் குளம் தண்ணீரானது. நான் கரையில் போய் நின்றபோது மீன்கள் அடியிலிருந்து மெல்ல மேலே வந்தன. வெள்ளைக் கெண்டை முதலில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

ஒரு மாதமாகப் பட்டினி கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. மேலே ஓடி, முந்தின நாள் சோற்றில் ஒரு பிடியைப் பிசைந்து எடுத்து வந்து போட்டேன். இரண்டு மூன்று மீன்கள் தின்றன. மீதி அப்படியே முங்கியது. மறுநாளும் போட்டேன். அதற்கடுத்த நாளும். ஐந்து நாள் போட்டேன். இரக்கத்தால் போட்டேன் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டுமில்லை. அந்த ஊரில் என் காலடிச் சத்தம் கேட்டு என்னிடம் வந்தவை அவை மட்டும்தான். எனக்கு அது வேண்டியிருந்தது.

ஆறாம் நாள் மறுபடி குளிர் இறங்கியது. முன்பைவிட மோசம். இரண்டு நாள் விடாமல் பனி கொட்டி, வேலியின் பாதி உயரத்துக்கு ஏறி நின்றது. நான் பானையோடு காலையும் மாலையும் இறங்கி ஓட்டையைக் காப்பாற்றினேன். பத்தாம் நாள் வழக்கம்போல் பனியைப் பெருக்கியபோது பனிக்கட்டிக்குக் கீழே வெள்ளையாக என்னவோ ஒட்டிக் கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் அந்தச் சிவப்புத் தலை தெரிந்தது.

ஒரு வாரத்துக்குள் ஐந்து போயின. வளையத்தின் வழியாகக் கரண்டி விட்டு ஒன்றை வெளியே எடுத்தேன். வயிறு உப்பிப் பந்துபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் கணவர் வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் இன்டர்நெட்டில் தேடிப் படித்தார்.

"குளிர்ல அதுங்க வயிறு வேலை செய்யாதாம். உள்ள போனது செரிக்காம அழுகிடுமாம். தின்னாம விட்டதும் தண்ணியைக் கெடுத்திருக்கும்."

"அப்ப நான்தான் கொன்னுட்டேனா?"

"இந்த வருஷம் எல்லா இடத்துலயும்தான் மீன் சாகுது. சோத்தைப் பத்தி நீயா எதுவும் சொல்லாத. இங்க வேற வீடு கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்ல?"

மறுநாள் மருத்துவமனைக்குப் போன் செய்து ஐந்து மீன்கள் இறந்துவிட்டதாகச் சொன்னேன். "ஓட்டை திறந்திருந்ததா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார்.

"திறந்திருந்தது."

"பனியைத் தள்ளினீர்களா?"

"தினமும் தள்ளினேன்."

"அப்படியென்றால் உங்கள் தவறு இல்லை," என்றார். அவர் கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன்.

மார்ச்சில் அவர் இரண்டு ஊன்றுகோல்களோடு வந்தபோதும் பனி கரையவில்லை. வீட்டுக்குள் போகாமல் நேரே குளத்துக்குப் போனார். நான் விழுந்துவிடாமல் பிடிக்கக் கூடவே போனேன். அடியில் மிச்சமிருந்த நான்கையும் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பது சென்டிமீட்டர்தான் ஆழம்," என்றார். "என் கணவர் இன்னும் முப்பது தோண்ட வேண்டும் என்றார். நான்தான் போதும் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், தோட்டமெல்லாம் மண்ணாகக் கிடக்கிறது என்று சண்டை போட்டேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "உள்ளே வாருங்கள், குளிர்கிறது," என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை விடவில்லை. காபிக்குக் கூப்பிடும்போதெல்லாம் முப்பது சென்டிமீட்டர் கதை வரும். சுவரில் அவர் கணவரின் படம் இருந்தது. பேசும்போது அவர் என்னைப் பார்க்க மாட்டார், படத்தையே பார்ப்பார். நான் கேக்கை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன். பிறகு, தலைவலி, துணி துவைக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லிப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்திச் சொன்னார். மிச்சமிருக்கும் மீன்களைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிடப் போகிறாராம். வரும் வெள்ளிக்கிழமை லாரியில் மண் வருகிறதாம். குளத்தை மூடிவிடப் போகிறாராம்.

"ஏன்?" என்றேன்.

"என் பிடிவாதத்தால் செத்தவை. ஜன்னலைத் திறந்தால் அதைத்தான் பார்க்கிறேன்."

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவரிடம், "நான் சொல்லப் போறேங்க. வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் பரவாயில்லை," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போய்ச் சொல்லிடு. நான் கூட வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று தனியாக இறங்கிப் போனேன்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் ஜெர்மனில் எழுதிப் பழகியிருந்தேன். அவர் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோனது. "நான் சாப்பாடு போட்டேன். சோறு. ஐந்து நாள்," என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் வேண்டாம் என்று சொன்னேனே."

"சொன்னீர்கள்."

"பிறகு ஏன்?"

"அவை என்னைப் பார்த்தன," என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மீன்கள் செத்தது தவறு. தவறு யாரும் செய்வார்கள்," என்றார். "ஆனால் ஒரு மாதமாக நான் இந்த அறையில் உட்கார்ந்து என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் மாடியில் இருந்தீர்கள்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் தலையை அசைத்தார். அது சரி என்றா, போ என்றா, எனக்குத் தெரியவில்லை. மாடியேறி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை லாரி வரவில்லை, மீன்களும் குளத்திலேயே இருந்தன. வீட்டைக் காலி பண்ணவும் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார், பெட்டியில் எங்களுக்கு வந்த கடிதங்களைப் படியில் எடுத்து வைப்பார். காபிக்கு மட்டும் அதன் பிறகு கூப்பிடவில்லை. இலையுதிர் காலத்தில் நானாகவே போய், இலைகள் விழாமல் குளத்தின் மேல் வலை கட்ட உதவட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு வலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். வேலை முடிந்ததும் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த குளிர்காலத்தில், கிறிஸ்துமஸுக்குத் தங்கை வீட்டுக்குப் போனபோது, தோட்டத்துச் சாவியை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அந்த மனிதர் தினமும் காலையில் தெருவைக் கடந்து, பூட்டைத் திறந்து, குளத்தைப் பார்த்துவிட்டுப் போவார். நான் சமையலறை ஜன்னலில் நிற்பேன். ஒருநாள் பால் வாங்கி வரும்போது வேலியோரம் அவர் எதிர்ப்பட்டார். கலகலப்பான மனிதர்.

"நீங்கள் இந்த வீட்டிலேயே இருக்கிறீர்கள். என்னை எதற்கு இந்தக் குளிரில் நடக்க வைக்கிறார்?" என்று சிரித்தார்.

"போன வருடம் நான் மீன்களைக் கொன்றுவிட்டேன்," என்றேன்.

அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார். வெளிநாட்டுக்காரி சொல் தவறிப் பேசுகிறாள் என்று நினைத்தார்போலும். "கொன்றேன் இல்லை. மீன்கள் இறந்துவிட்டன என்று சொல்ல வேண்டும்," என்று பொறுமையாகத் திருத்தினார்.

"இல்லை, நான் சொன்னதுதான் சரி," என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு அவர், நாளைக்கும் பனி இருக்கிறதாம் என்றார். ஆமாம், வானொலியில் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டு நான் படியேறினேன்.